பூனைவால் புல் நடவு

ஃபவுண்டன் கிராஸ் என்று நான் பதினான்கு வருஷம் சொல்லிக்கொண்டிருந்த புல்லுக்கு, எங்கள் நர்சரிக்கு வேலைக்கு வந்த பெண்கள் முதல் நாளே பூனைவால் என்று பேர் வைத்துவிட்டார்கள். பொருத்தமான பேர்தான். இடுப்பு உயரத்துக்குக் குடை மாதிரி விரிந்து நிற்கும். நுனியில் மெல்லிய ரோஜா நிறத்தில் கதிர்கள் வால் போல வளைந்து ஆடும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற கார்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வாசலில் நிறுத்துவார்கள். இறங்கி வந்து ஒரு ரோஜாச் செடியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அது வேறு விஷயம்.

எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். கல்ஃபில் சாலையோரப் பூங்காக்களில் இந்தப் புல்லை நட்டு, கழித்து, தோண்டி, பிரித்து, மறுபடி நட்டே என் இளமை போய்விட்டது. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வெளிநாடு போவதைச் சபர் என்போம். நான் சபரில் இருந்த காலத்தில், விடுமுறைக்கு வந்து என் மனைவியோடு இருந்த நாட்களை மொத்தமாகச் சேர்த்தால் இரண்டு வருஷம்கூடத் தேறாது. என் மகள் முதன்முதலாக அத்தா என்று கூப்பிட்டது ஒரு போனைப் பார்த்துத்தான். திரும்பி வந்து பாபநாசம் தாண்டி ரோட்டோரமாக ஒரு இடத்தைக் குத்தகைக்கு எடுத்து நர்சரி போட்டபோது, இனிமேல் போகமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன். எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டது வேறு. நர்சரி நிலைத்து நின்றால் இருப்பது, இல்லையென்றால் மறுபடி பெட்டியைக் கட்டுவது.

அந்த வருஷம் மாசி மாதம் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பைபாஸில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்காரர், வாசலிலிருந்து மண்டபம் வரை பாதையின் இரண்டு பக்கமும் பூனைவால் வேண்டும், இரண்டடிக்கு ஒன்றாக இருநூறு செடி, என்று சொல்லிவிட்டுப் போனார். செடி பிடித்துவிட்டால் மண்டபத்துத் தோட்டம் முழுக்க நாமே பார்த்துக்கொள்ளலாம். அது கிடைத்தால் நர்சரி காலூன்றிவிட்ட மாதிரி. அதே வாரம், கல்ஃபிலேயே இருக்கிற என் அக்கா வீட்டு மச்சானும் போன் செய்தார். தோட்ட சூப்பர்வைசர் வேலைக்கு ஒரு விசா இருக்கிறது, மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் சரி என்று சொல்ல வேண்டும் என்றார். மண்டபத்து விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். விசா விஷயத்தைச் சொல்லவில்லை.

என்னிடம் நாற்பது தாய்த்தூர்கள் இருந்தன. மூன்று வருஷம் ஆனதில் ஒவ்வொன்றும் பெருத்து, நடுவில் செத்துப்போய், ஓரத்தில் மட்டும் துளிர்த்துக்கொண்டிருந்தது. தோண்டிப் பிரிக்க வேண்டிய பருவம். சம்பா அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாத நேரம் என்பதால் பக்கத்து ஊரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூவரும் நடவு நட்டுக் கைதேர்ந்தவர்கள். அதில் மூத்தவரை நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் கூலிக்கு நட்டவர், இப்போது சொந்தமாக ஒரு ஏக்கர் வைத்திருக்கிறார், மகளை நர்சிங் படிக்க வைத்துவிட்டார். புடவைக்கு மேலே முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வந்ததும் புல்லைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கொள்ளிடத்துப் படுகையில் நாணல் சும்மா கிடக்கும்போது அதைக் காசு கொடுத்து வளர்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

தூரைத் தோண்டுவதற்கு முன் தோகையைக் கழிக்க வேண்டும். சணலால் இறுக்கிக் கட்டிக்கொண்டு முழங்கால் உயரத்தில் அரிவாளைப் போட்டால் கட்டாக வந்துவிடும். கட்டாமல் அறுத்தால் நர்சரி முழுக்கப் பஞ்சு பறக்கும், தோகையின் ஓரம் கையைக் கிழிக்கும். கல்ஃபில் மணல் பூமி. மண்வெட்டியை விட்டு நெம்பினால் தூர் எழுந்து வந்துவிடும். இங்கே மாசி மாதத்துக் களி. முந்தின நாள் சாயங்காலமே போர் தண்ணீரை விட்டு ஊறவைத்திருந்தும், மேலே ஒரு சாண்தான் இளகியிருந்தது, அதற்குக் கீழே கடப்பாரை சத்தம் போட்டது. ஒரு பக்கம் நானும் எதிர்ப்பக்கம் அக்காவுமாகக் கடப்பாரையைச் சொருகி ஒரே நேரத்தில் சாய்க்க, மற்ற இரண்டு பேரும் தூரைத் தள்ளி, சாக்கில் உருட்டி இழுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சிமெண்ட் மூட்டை கனம். இரண்டு நாளில் நாற்பதையும் எடுத்து நிழலில் வைத்து ஈரச்சாக்குப் போட்டு மூடினோம். என் முதுகு அதன்பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் பிரிக்கவும் ஆரம்பித்தோம். தச்சு வேலைக்கு வைத்திருக்கிற ரம்பத்தால் தூரைப் பிளந்து, செத்த நடுக்கட்டையை எறிந்துவிட்டு, ஓரத்தை ஐந்து ஆறு துண்டாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் உரித்த தேங்காய் அளவாவது இருக்க வேண்டும், பதினைந்து இருபது கிளை அதில் இருக்க வேண்டும், வேரில் மண் உதிரக் கூடாது. மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் வைத்து ஒரு தரம் தண்ணீர் ஊற்றியபின், மேல்மண் காயும்வரை சும்மா விட்டுவிட வேண்டும்.

நடவுக்காரர்களுக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு குத்துக்கு இரண்டு மூன்று நாற்று வைத்தே பழகிய கைகள். அதற்கு மேல் வைத்தால் நாற்றை வீணடிக்கிறாள் என்று வரப்பிலிருந்து ஏச்சு விழும். இருபது கிளையை ஒரே பையில் திணிப்பதைப் பார்த்து, எங்க மாமியார் இருந்திருந்தா கையிலயே போட்டிருப்பாங்க பாய் என்று அக்கா சொன்னார். நான் அதற்கும் சிரித்தேன். இந்தப் புல் சேற்றில் நிற்கிற ஜாதி இல்லை, சிறிதாகக் கிழித்தால் பிழைக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செய்யுங்கள் என்றேனே தவிர ஏன் என்று சொல்லவில்லை. பதினான்கு வருஷம் ஃபோர்மேன்களிடம் ஏச்சு வாங்கியவன் நான். கையில் மூன்று ஆள் வந்ததும் நானும் ஃபோர்மேன் ஆகிவிட்டேன். அன்று பொழுது சாய்வதற்குள் பதினான்கு தூரைப் பிரித்து எண்பது பை வைத்தோம்.

மூன்றாம் நாள் நான் திருச்சிக்குப் போனேன். பை போதாது, வாங்கி வருகிறேன் என்று வீட்டில் சொன்னேன். போனது விசாவுக்கான மெடிக்கலுக்கு. மச்சான்தான் சொன்னார், மெடிக்கலை முடித்து வைத்துக்கொள், கையில் இருக்கட்டும், போவதும் போகாததும் அப்புறம் என்று. கையில் இருக்கட்டும் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த பேச்சு. காலை ரயிலுக்குக் கிளம்பும்போது மனைவி டீ கொண்டு வந்தாள். ஸ்டேஷனில் குடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பெண்களிடம் நான் வரும்வரை செம்மண்ணும் மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து பையை மட்டும் நிரப்பி வையுங்கள், தூரைத் தொட வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, பொய்க்குச் சாட்சியாக நூறு பையும் வாங்கிக்கொண்டு நான் நர்சரிக்குத் திரும்பியபோது மணி நாலு இருக்கும். உள்ளே நுழைந்தால் ஈரச்சாக்கு மட்டும்தான் இருந்தது, தூர்கள் இல்லை. பின்பக்கம் குரோட்டன்ஸ் வைத்திருந்த இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு வயல் இருந்தது.

நான் மிகைப்படுத்தவில்லை. நாலு பக்கமும் வரப்பு கட்டி, போரைத் திறந்துவிட்டு, காலால் மிதித்துச் சேறாக்கி, கயிறு பிடித்து வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். இருபத்தாறு தூரையும் மண் போக அலசி, இரண்டு மூன்று கிளையாகப் பிய்த்து, வேரின் நுனியைக் கிள்ளி, நாற்றுமுடி மாதிரி முடிபோட்டுத் தொட்டித் தண்ணீரில் நிறுத்தி எடுத்து நட்டிருக்கிறார்கள். நடவு என்று பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. முழங்கால் வரை சேறோடு நடுவில் நின்றவர்களில் என் மனைவியும் ஒருத்தி. அவள் கடைவீதிக் கடைக்காரர் வீட்டுப் பெண். அவள் சேற்றில் இறங்கி நான் பார்த்ததே இல்லை.

"ஆயிரத்துக்கு மேல வரும் பாய். அவரு கேட்ட எறநூறு போக மிச்சமெல்லாம் நம்மகிட்டதான்" என்றார் அக்கா. முகம் முழுக்கச் சந்தோஷம்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுத எனக்கே கூசுகிறது. நெல்லைத் தவிர உலகத்தில் வேறு பயிரே தெரியாதா என்பதுதான் அதில் கொஞ்சம் மரியாதையான வாக்கியம். அக்கா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தார்.

"நான்தான் பிரிக்கச் சொன்னேன். அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அவள்.

உன்னை யார் இதில் தலையிடச் சொன்னது என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அவள் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, கொண்டுவந்திருந்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் பிடுங்கிப் பைக்கு மாற்றலாம் என்று நான் சேற்றில் இறங்கினேன். அக்கா தடுத்தார். பறித்து நட்டதைத் திரும்பப் பறித்தால் இரண்டு தரம் சாகும், எட்டு நாள் பொறுங்கள், பச்சை பிடிக்கும் என்றார். நெல்லுக்கு அது சரி. நட்ட நாற்று நாலைந்து நாள் மஞ்சளடித்து நின்றுவிட்டு, எட்டாம் நாள் வேர் பிடித்துப் பச்சை காட்டும். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தேன். தண்ணீர் போனது, களியின் ஈரம் போகவில்லை.

எட்டாம் நாள் பச்சை பிடித்தது. கழித்துவிட்ட ஒவ்வொரு தண்டிலும் இரண்டு விரல் உயரத்துக்குப் புதுத் துளிர். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், அதற்கு ஏசியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்குப் பிறகு நர்சரிப் பக்கமே வராத என் மனைவியும் வந்தாள். வரப்பில் குந்தி ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துவிட்டு, எழுந்து போகும்போது என்னிடம் ராத்திரிக்கு மீன் வாங்கி வரச் சொன்னாள். எனக்கும் மனசு இளகிவிட்டது. மச்சானிடம் வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் போனை எடுத்தேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பச்சை தண்டிலிருந்த சத்தில் வந்த பச்சை. கீழே வேர் ஓடவே இல்லை. மூன்றாம் வாரம் துளிர் வெளிறி, அடித்தண்டு பழுப்பாகியது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது, அடியில் அழுகிய வாடை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கடுத்தது. அந்த வரிசை முழுக்க அப்படித்தான் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே என் மனைவி அங்கே இருந்தாள். சேறு காய்ந்து வெடித்திருந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்து செத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தாள். விடு, நான் மண்வெட்டியால் கொத்திவிடுகிறேன் என்றேன். அவள் கையை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு டீ குடிக்காமப் போனீங்க" என்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் எதற்கு இப்போது அது என்று கேட்டேன்.

"போன தடவை விசா மெடிக்கலுக்கும் வெறும் வயித்தோடதான் போனீங்க. அதுக்கு முந்தியும் அப்படித்தான். பை வாங்கப் போறவங்க எதுக்குங்க வெறும் வயித்தோட போவணும்?"

மற்றதையும் அவளே சொன்னாள். நான் ரயிலுக்குப் போனதும் நேரே நர்சரிக்கு வந்து, இந்தப் புல்லை அதிகபட்சம் எத்தனையாகப் பிரிக்கலாம் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறாள். அக்கா தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். பாய் தொட வேண்டாம் என்றாரே என்று மற்ற இருவரும் தயங்கியபோது, நான் சொல்லிக்கொள்கிறேன் என்று இவள்தான் முதலில் தூரை எடுத்துத் தொட்டியில் போட்டிருக்கிறாள்.

"ஆயிரம் செடி நின்னா விட்டுட்டுப் போவ ஒங்களுக்கு மனசு வராதுன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதுதான் முழுசாக இறங்கியது. இறங்கின இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. வேலை தெரிந்தவன் என்கிற திமிரில் பச்சை பிடிக்கும்வரை இவர்கள் முகத்தையே பார்க்காமல் திரிந்தேன். செடியைக் கெடுத்தது அவர்கள் கை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். நானும் உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன். மதியம் வரை பிடுங்கினோம். ஆயிரத்தில் ஒரு முப்பது, வரப்போரம் மேடாக இருந்த இடத்தில், வேர் விட்டுப் பிழைத்திருந்தது. அவற்றைப் பைக்கு மாற்றினோம். முதலில் வைத்த எண்பதில் ஏழெட்டுப் போக மற்றவை நன்றாகவே நின்றன.

இருநூறு கேட்டவரிடம் நூறைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வியாழக்கிழமை மண்டபத்துக்குப் போனேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போய், கூட வரும்படியும் கேட்டேன். மன்னிப்பை அவர் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை, ஆனால் வண்டியில் ஏறிக்கொண்டார். மண்டபத்துக்காரர் கொஞ்சம் சத்தம் போட்டார். இரண்டடிக்கு ஒன்று என்று கேட்டதற்குப் பாதிதானே வருகிறது என்றார். நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது அக்கா பாதையை ஒருமுறை காலால் அளந்து பார்த்துவிட்டு வந்தார். நெருக்கி நட்டால் எதுவும் தூர் கட்டாது, நாலடிக்கு ஒன்று வையுங்கள், ஆடிக்குள் ஒன்றோடு ஒன்று கை கோத்துவிடும் என்றார். அதைத்தான் நானும் சொல்லியிருக்க வேண்டும். ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் மண்டபத்துக்காரர் கேட்ட இரண்டடிக்குத் தலையாட்டி வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் எங்களிடம் இருந்தது இரண்டு பக்கத்துக்கும் சரியாக இருந்தது. தோட்டத்தைப் பார்க்கிற வேலையை மட்டும் அவர் தரவில்லை. செடி எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அதாவது நர்சரி நிலைக்குமா என்ற கேள்வி வியாழக்கிழமை இருந்த இடத்திலேயேதான் வெள்ளிக்கிழமையும் இருந்தது.

ஜும்ஆ தொழுகை முடித்து வந்து, மனைவி எதிரிலேயே மச்சானுக்குப் போன் போட்டேன். வரவில்லை என்றேன். மண்டபத்து வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதை நம்பி வேண்டாம் என்கிறாய் என்றார். மெடிக்கல் வரை போய்விட்டு இப்படிச் சொல்வது நியாயமா என்று அவர் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். அவர் கோபம் நியாயம்தான்.

பீரோவிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்து மனைவியிடம் நீட்டினேன். உன் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்துக்கொள், இனிமேல் நானே கேட்டாலும் கொடுக்காதே என்றேன். பெரிய மனசோடு செய்வதாகத்தான் எனக்கு நினைப்பு. அவள் அதை வாங்கவில்லை.

"நான் பூட்டி வச்சு நீங்க இங்க இருந்தா, அது இருக்கறதாங்க?" என்றாள். "ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

அப்புறம் சோறு போட உள்ளே போனாள். நான் பாஸ்போர்ட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, பீரோவைப் பூட்டாமல் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.